டிராக்டர் எஞ்சின் பிளாக்கில் விரிசலா? எடைக்குப் போடுமுன் பாருங்கள்

(தாமிரபரணிப் பாசனப் பகுதி டிராக்டர் உரிமையாளர்களுக்குப் பண்ணைக் கருவிப் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரை)



ஐப்பசி மாதம். பிசான நடவுக்கு நாற்று தயாராக நிற்கிறது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. தொழி உழவு நடந்துகொண்டிருக்கும்போது பழைய டிராக்டரின் ரேடியேட்டர் கொதித்து, வண்டி வயலுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. ஓட்டுநர் இறங்குகிறார், சாக்குத் துணியைப் போட்டு மூடியைத் திறக்கிறார், வரப்போரம் ஓடுகிற வாய்க்காலில் ஒரு வாளித் தண்ணீர் மொண்டு ஊற்றுகிறார். எஞ்சின் மறுபடியும் ஓடுகிறது. அன்று பொழுது சாயும் வரை உழவும் நடக்கிறது. பத்து நாள் கழித்து எண்ணெய் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தால், கறுப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் பால் காப்பி நிறத்தில் இருக்கிறது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, பிளாக் போயிட்டு" என்கிறார்.

இந்தச் சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு இரண்டு வழிகள்தான் தோன்றுகின்றன. ஒன்று, வண்டியை எடைக்குப் போடுவது. மற்றொன்று, பக்கத்துப் பட்டறையில் கொடுத்து அன்றைக்கே வெல்டிங் அடித்து வாங்கிவிடுவது. இரண்டுமே பெரும்பாலும் தவறாக முடிகின்றன. விரிசல் எந்த இடத்தில் இருக்கிறது, எதனால் வந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிவதற்கு முன்னால் பிளாக்கின் மேல் கை வைக்கக் கூடாது என்பதே இன்று நான் உங்களிடம் சொல்ல வந்த செய்தி.

புது டிராக்டர் ஒன்று இன்று 5, 6 லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, ஸ்ரீவைகுண்டம் வட்டாரங்களில் இரண்டு, மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் வாடகை உழவையும் நம்பித்தான் பழைய வண்டியை வைத்துக் காப்பாற்றுகிறார். நடவுக் காலத்தில் வண்டி இருபது நாள் நின்றால் அந்த வருட வருமானத்தில் பாதி போய்விடும். ஆகவே, ஒரு பிளாக்கைக் காப்பாற்றுவதும் இழப்பதும் அவருக்குச் சிறிய காரியம் அல்ல.

முதலில் பிளாக் ஏன் வெடிக்கிறது என்று பார்ப்போம். குளிர் நாடுகளில் இதற்குக் காரணம் பனி. இரவில் எஞ்சினுக்குள் நிற்கும் தண்ணீர் உறைந்தால் அதன் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடும். அந்தத் தள்ளலில் பிளாக்கின் வெளிச்சுவர் நீளவாட்டில் பிளந்துவிடும். நம் பகுதியில் அந்தத் தொல்லை இல்லை. நமக்கு எதிரி வெயிலும் அவசரமும்தான்.

பழைய டிராக்டர்களின் பிளாக் சாம்பல் நிற வார்ப்பிரும்பால் ஆனது. அதில் 3 சதவீதத்திற்கு மேல் கரி கலந்திருக்கிறது. அந்தக் கரி இரும்புக்குள் மெல்லிய செதில் செதிலாகப் படிந்து கிடக்கும். அதனால்தான் வார்ப்பிரும்பு நன்றாகக் கடைசலுக்கு வருகிறது; அதிர்வைத் தாங்குகிறது; எத்தனை பாரம் வைத்து அழுத்தினாலும் பொறுத்துக்கொள்கிறது. ஆனால் இழுத்தால் தாங்காது. தேனிரும்பு போல வளைந்து கொடுக்கவும் தெரியாது, நேராகப் பிளந்துவிடும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த வாய்க்கால் தண்ணீரை ஊற்றினால், தண்ணீர் பட்ட சுவர் உடனே சுருங்கப் பார்க்கிறது. அதை ஒட்டியிருக்கும் கனமான பகுதியோ இன்னும் சூட்டில் விரிந்தே இருக்கிறது. சுருங்கும் சுவர் இழுபடுகிறது. இழுவிசை வார்ப்பிரும்பின் பலவீனம் என்பதைச் சற்றுமுன் சொன்னேன். விரிசல் அங்கே விழுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. பலர் இதை நினைத்துப் பார்ப்பதில்லை. லாரிக்குச் சட்டம் தனி, எஞ்சின் தனி. பெரும்பாலான டிராக்டர்களில் அப்படியில்லை. முன் அச்சுத் தாங்கி பிளாக்கின் முன்புறத்தில் போல்ட் போட்டு இணைந்திருக்கிறது. கிளட்சுக் கூடு பின்புறத்தில் இணைந்திருக்கிறது. அதாவது, எஞ்சின் பிளாக்தான் டிராக்டருக்கு முதுகெலும்பு. கேஜ் வீல் போட்டுத் தொழிக்குள் இறக்கிய வண்டி அச்சுவரை புதைந்துபோய், இன்னொரு டிராக்டரைக் கட்டி முன்னாலிருந்து வெடுக்கென்று இழுக்கும்போது, அந்த இழுப்பு முழுவதும் பிளாக்கின் வழியாகத்தான் போகிறது. பின்புற போல்ட் காதுகளில் விரிசல் விட்ட பிளாக்கைப் பார்த்தால், 'எப்போது புதைந்தது?' என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி. போல்ட்டுகள் தளர்ந்து ஆடியதாலும் இதே இடத்தில் விரிசல் வரும்.

இனி, "பிளாக் போயிட்டு" என்ற தீர்ப்பைச் சோதிக்கும் முறையைச் சொல்கிறேன். எண்ணெயில் தண்ணீர் கலந்தால் அது பிளாக்கின் விரிசலால்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஹெட் கேஸ்கெட் எரிந்திருக்கலாம். சிலிண்டர் ஹெட்டிலேயே, வால்வுகளுக்கு இடையில், கீறல் இருக்கலாம். தண்ணீர் நேராகத் தொடும் ஈர லைனர் உள்ள எஞ்சின்களில், லைனரின் அடியில் இருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டிருக்கலாம். அந்த லைனரின் வெளிப்பக்கம் ஊசிமுனை அளவு துளைகள் அரித்திருக்கலாம். எண்ணெய் குளிர்விப்பான் உள்ள வண்டியில் அதுவே ஓட்டையாகியிருக்கலாம்.

நானே இதில் தவறியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு விவசாயியின் டிராக்டரில் எண்ணெய் வெளுத்திருப்பதைக் கண்டு, பிளாக் விரிசல் என்று அடித்துச் சொல்லிவிட்டேன். அவர் என் பேச்சை நம்பி, கடன் வாங்கிப் பழைய பிளாக் ஒன்றை விலை பேசி முன்பணமும் கொடுத்துவிட்டார். கழற்றிப் பார்த்த வயதான மெக்கானிக், லைனருக்கு அடியிலிருந்து தட்டையாகிப்போன ரப்பர் வளையம் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. முன்பணம் திரும்பவில்லை. அதன்பிறகு சோதனை செய்யாமல் நான் தீர்ப்புச் சொல்வதில்லை.

முதல் சோதனையை நீங்களே வீட்டில் செய்யலாம். டிராக்டரை இரவு முழுவதும் சமதளத்தில் அசையாமல் நிறுத்தி வையுங்கள். காலையில் எஞ்சினைத் தொடாமல், எண்ணெய்ச் சம்பின் அடிமறையை மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது, அடியில் தங்கியிருக்கும். முதலில் தண்ணீர் சொட்டினால் கசிவு உறுதி. எண்ணெய் நன்றாகக் கலங்கி வெளுத்திருந்தால் தண்ணீர் தனியே பிரிந்து வராது. அப்போது சூடான இரும்புத் தகட்டில் அந்த எண்ணெயை ஒரு சொட்டு விடுங்கள். தாளிப்பதுபோலப் படபடவென்று பொரிந்தால் அதில் தண்ணீர் இருக்கிறது. சுத்தமான எண்ணெய் புகையுமே தவிரப் பொரியாது.

அடுத்தது ரேடியேட்டர். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து வைத்து, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீரில் விடாமல் குமிழிகள் வந்தால், எரிந்த வாயு தண்ணீர் அறைக்குள் நுழைகிறது என்று பொருள். கேஸ்கெட்டோ, ஹெட்டோ, சிலிண்டர்ச் சுவரோ காரணமாக இருக்கும். குமிழி இல்லாமல் தண்ணீர் மட்டும் குறைந்து எண்ணெயில் சேர்ந்தால், ரப்பர் வளையத்தையும் பிளாக்கின் கீழ்ப்பகுதியையும் சந்தேகியுங்கள். எண்ணெயிலும் சேராமல் தண்ணீர் குறைந்தால் வெளிச்சுவரையும், பிளாக்கின் பக்கத்தில் வட்ட வட்டமாக அடித்து வைத்திருக்கும் தகட்டு அடைப்பான்களையும் பாருங்கள். அந்த அடைப்பான்கள் துருப்பிடித்து ஒழுகுவது மிகச் சாதாரணம். மாற்றுவதற்கும் அதிகச் செலவு இல்லை. எதுவானாலும், எண்ணெயில் தண்ணீர் இருப்பது தெரிந்த பிறகு ஒரு மணி நேரம்கூட வண்டியை ஓட்டாதீர்கள். கிராங்க்கின் பேரிங்குகள் உருகிவிடும். விரிசலைச் சரிசெய்யும் செலவோடு கிராங்க் செலவும் சேர்ந்துகொள்ளும்.

எஞ்சினைக் கழற்றிய பின் விரிசலைக் கண்ணால் பார்க்க ஒரு பழைய முறை உண்டு. சந்தேகமான இடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவித் துடைக்கவேண்டும். அதன்மேல் மண்ணெண்ணெய் தடவிக் கால் மணி நேரம் விட்டு, உலரத் துடைத்துவிட்டு, சுண்ணக்கட்டியைப் பொடித்துத் தூவவேண்டும். விரிசலுக்குள் புகுந்த மண்ணெண்ணெய் மெல்ல வெளியே ஊறி, வெள்ளைப் பொடியில் ஒரு கறுத்த கோடு போடும். கண்ணுக்குத் தெரியாத கீறலும் இதில் தெரிந்துவிடும். கோட்டின் இரு முனைகளையும் அப்போதே புள்ளி குத்திக் குறித்துக்கொள்ளுங்கள். விரிசலின் உண்மையான நீளம் அதைவிடச் சற்று அதிகம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நல்ல பட்டறைகளில் இதற்கு மேலும் ஒன்று செய்வார்கள். தண்ணீர் துளைகளை எல்லாம் ரப்பரும் தகடும் வைத்து அடைத்து, உள்ளே 2 முதல் 3 கிலோ அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, பிளாக்கை வெந்நீர்த் தொட்டிக்குள் இறக்குவார்கள். குளிர்ந்திருக்கும்போது வாய் மூடிக்கிடக்கும் விரிசல் சூட்டில் திறக்கும். குமிழி வரும் இடத்தில் விரிசல். இந்தச் சோதனையை வேலைக்கு முன்னும் பின்னும் செய்து தரும் பட்டறையைத் தேடிப் போங்கள். கொஞ்சம் கூலி கூடினாலும் பரவாயில்லை.

விரிசல் இருக்கும் இடம் தெரிந்துவிட்டதா? இனி முடிவு எடுக்கலாம். வெளிச்சுவரில், தண்ணீர் அறையைச் சுற்றி விரிசல் என்றால் கவலைப்படவேண்டாம். அங்கே பாரம் இல்லை. தண்ணீரை ஒழுகாமல் நிறுத்தினால் போதும். சிலிண்டரின் உட்சுவரில் விரிசல் என்றால், அந்தத் துளையைப் பெரிதாகக் கடைந்து உலர் லைனர் ஒன்றை இறுக்கி இறக்கலாம். மேல்தளத்தில், போல்ட் துளைக்கும் தண்ணீர்த் துளைக்கும் இடையில் விரிசல் என்றால், திறமையானவர் கையில் கொடுத்தால் சரியாகும். கிளட்சுக் கூடு சேரும் காதுகளில் விரிசல் என்றால், இழுப்புத் தாங்கும் இடமாதலால் யோசித்துச் செய்யவேண்டும். கிராங்க் உட்காரும் மெயின் பேரிங் சுவர்களில் விரிசல் என்றால் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள். அந்தப் பிளாக்கை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வெடிப்பின் அடியும் அங்கேதான் போய் இறங்குகிறது. அதை ஒட்டிக்கொடுக்கிறேன் என்பவர் உங்கள் கிராங்க்கையும் சேர்த்து உடைக்கப் போகிறார்.

சரிசெய்யும் முறைகளில் எல்லாரும் முதலில் கேட்பது வெல்டிங்தான். ஆகவே அதையே முதலில் சொல்கிறேன். சாதாரண இரும்பு ராடால் கரண்டு வெல்டிங் அடித்தால், உருகிய இடத்தை ஒட்டிய வார்ப்பிரும்பு, சுற்றியுள்ள குளிர்ந்த உலோகம் சூட்டை உறிஞ்சிவிடுவதால், சட்டென்று ஆறுகிறது. அதில் உள்ள கரி செதிலாகப் பிரிய நேரமில்லாமல், கண்ணாடி போலக் கடினமாக, நொறுங்கும் தன்மையோடு இறுகிவிடுகிறது. வெல்டிங்கும் ஆறும்போது சுருங்கி இழுக்கிறது. ஆகவே பழைய விரிசலுக்கு அரை அங்குலம் தள்ளி, அதற்கு இணையாகப் புதிய விரிசல் ஒன்று 'டிக்' என்று சத்தம் கேட்கும்படி விழும். நான்கு அங்குலம் இருந்த விரிசல் இப்படி மூன்று முறை வெல்டிங் பட்டுப் பத்து அங்குலமான பிளாக்கை நான் பார்த்திருக்கிறேன். முதல் முறையே என்னிடம் வந்திருந்தால் பிழைத்திருக்கும்.

முறையாகச் செய்யும் வெல்டிங் இரண்டு வகை. சூட்டு வெல்டிங்கில், பிளாக் முழுவதையும் செங்கல் உலையில் கரி போட்டு மெல்ல மெல்ல 550 முதல் 650 டிகிரி செல்சியஸ் வரை, அதாவது இருட்டில் பார்த்தால் மங்கிய சிவப்புத் தெரியும் வரை சூடேற்றுவார்கள். வார்ப்பிரும்புக் கம்பியும் பொடியும் கொண்டு காஸ் வெல்டிங் செய்து, சூடு ஆறுமுன் சாம்பலிலோ நீறிலோ புதைத்துவிடுவார்கள். ஒன்றரை, இரண்டு நாள் கழித்துத்தான் வெளியே எடுக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் எல்லாம் வீண். இம்முறையில் ஒட்டு உறுதியாக இருக்கும். ஆனால் பிளாக் முறுக்கிக்கொள்ளும். ஆகவே சிலிண்டர்த் துளை, மேல்தளம், பேரிங் வரிசை எல்லாவற்றையும் மறுபடி கடைசல் பிடிக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவைக் கணக்கிட்டுக்கொண்டு இதில் இறங்குங்கள்.

மற்றொன்று நிக்கல் ராடு கொண்டு குளிர்ச்சியாகச் செய்வது. விரிசலின் இரு முனைகளுக்கும் சற்று அப்பால் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டு, விரிசல் மேலும் ஓடாமல் நிறுத்தவேண்டும். வாய்க்கால் போல விரிசலை நெடுகச் செதுக்கித் திறக்கவேண்டும். ஒரு தடவைக்கு ஒரு அங்குலத்துக்கு மேல் வெல்டிங் ஓட்டக்கூடாது. ஓட்டியதும் சூட்டோடு சூடாக உருண்டைத் தலைச் சுத்தியால் லேசாகத் தட்டவேண்டும். தட்டினால் உலோகம் பரவி, சுருங்கும் இழுப்புக் குறையும். பிறகு கை வைத்துப் பார்க்கும் அளவுக்கு ஆறவிட்டு, வேறொரு இடத்தில் அடுத்த அங்குலம். ஒரு சாண் விரிசலுக்குப் பாதி நாள் ஆகும். அரை மணியில் முடித்துக் கொடுப்பவரிடம் கொடுக்காதீர்கள். பல ஆண்டுகள் எண்ணெய் குடித்த பழைய இரும்பு, வெல்டிங் சூட்டில் எண்ணெயைக் கக்கி, ஒட்டைப் பிடிக்க விடாது என்பதையும் கவனிக்கவேண்டும். முன்கூட்டியே சூடேற்றி அந்த எண்ணெயை எரித்துவிட வேண்டும்.

சூடே இல்லாத முறை ஒன்று உண்டு. அதுதான் எனக்குப் பிடித்தது. அதைச் சொல்லுமுன் ஒரு பழைய கதை. முதல் உலகப் போரில் அமெரிக்கா 1917 ஏப்ரலில் இறங்கியபோது, அதன் துறைமுகங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட ஜெர்மன் கப்பல்கள் முடங்கிக் கிடந்தன. கப்பல் கைமாறினாலும் ஓடக்கூடாது என்று, அவற்றின் மாலுமிகள் எஞ்சின்களின் வார்ப்பிரும்புச் சிலிண்டர்களைப் பல கப்பல்களில் உடைத்து வைத்திருந்தார்கள். புதிதாக வார்த்துப் பொருத்த மிக நீண்ட காலம் ஆகும் என்று கணக்கிட்டார்கள். ஆனால் உடைந்த விளிம்புகளில் மறை போட்டு ஆணிகளைத் திருகி, ஒட்டுத் துண்டுகள் வைத்து, மின் வெல்டிங்கும் சேர்த்துச் சரிசெய்ததில், சில மாதங்களில் கப்பல்கள் கடலுக்குப் போய்விட்டன. நம் டிராக்டர் பிளாக்கைவிடப் பல மடங்கு பெரிய வார்ப்புகள் அவை. பிறகு 1930-களில் அமெரிக்க எண்ணெய் வயல்களில், தீப்பொறி பட்டாலே ஆபத்தான இடங்களில், வெல்டிங் இல்லாமலேயே வார்ப்பிரும்பைத் தைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். உலோகத் தையல் என்று நாம் அதைச் சொல்லலாம்.

தையல் என்ற சொல் மிகப் பொருத்தம். கிழிந்த சாக்கைத் தைப்பதுபோலவே, விரிசலுக்குக் குறுக்கே சிறு சிறு துளைகளை வரிசையாகப் போட்டு, அந்த வரிசையில் அச்சாகப் பொருந்தும் உலோகப் பூட்டை அடித்து இறக்குவார்கள். அது விரிசலின் இரு கரைகளையும் விலகாமல் பிடித்துக்கொள்ளும். பிறகு விரிசலின் நெடுக ஒரு துளை போட்டு, மறை வெட்டி, ஒரு திருகாணியை இறக்குவார்கள். அடுத்த துளையை, முதல் ஆணியையும் கொஞ்சம் கடித்துக்கொண்டு போகும்படி போடுவார்கள். இப்படி ஒன்றன் தோளில் ஒன்று ஏறி ஆணிகள் சங்கிலியாகப் போய், விரிசலே இருந்த இடம் தெரியாமல் ஆகிவிடும். மிஞ்சிய தலைகளை அறுத்து, தட்டி, தேய்த்துச் சமன் செய்வார்கள். சூடு இல்லாததால் பிளாக் முறுக்காது. கடைசல் வேலையும் மிச்சம்.

இதற்கென்றே செய்த ஆணிகளில் மறை, இரு கரைகளையும் உள்நோக்கி இழுக்கும்படி வெட்டப்பட்டிருக்கும். சாதாரணத் திருகாணி அப்படியல்ல. இறுக்க இறுக்க ஆப்பு போல விரிசலைத் திறக்கப் பார்க்கும். எனவே நம் ஊர் லேத்துப் பட்டறையில் சாதாரண ஆணிகளால் தைப்பதானால், பாரமில்லாத வெளிச்சுவருக்கு மட்டும் செய்யலாம். 5 மில்லிமீட்டராவது கனமுள்ள சுவராக இருக்கவேண்டும். ஆணியின் மறையில் அடைப்புப் பசை தடவி அளவோடு இறுக்கவேண்டும். காதுகளுக்கும் மேல்தளத்துக்கும் தையல் போடுவதற்குரிய தனி ஆணியும் பூட்டும் கட்டாயம் வேண்டும்.

வெளிச்சுவர் ஒரு கையளவு பெயர்ந்தே போயிருந்தால், ஓட்டையின் விளிம்பைச் சமன் செய்து, 3 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டை அந்த வளைவுக்கு வளைத்து, கேஸ்கெட் வைத்து, நெருக்கமாகத் திருகாணி போட்டு மூடலாம். பார்க்க அழகாக இராது. ஆனால் தண்ணீரைப் பிடித்து நிறுத்தும். கடையில் விற்கும் எப்பாக்சிப் பசையைப் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். வெளிச்சுவரில், எண்ணெயும் பெயிண்டும் துருவும் போகச் சுரண்டிய இடத்தில், முனைத்துளை போட்ட மயிரிழை விரிசலுக்கு அது நடவு முடியும் வரை வண்டியை ஓட்டித் தரலாம். தீ படும் இடத்துக்கும், மேல்தளத்துக்கும் அது உதவாது. ரேடியேட்டரில் ஊற்றி விரிசலை அடைக்கும் மருந்துகளும் அப்படித்தான்; விரிசலோடு ரேடியேட்டரின் மெல்லிய குழல்களையும் சேர்த்து அடைத்துவிட்டால் பிறகு இரட்டைச் செலவு.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரைபுரண்டு ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் ஊர் ஊராகத் தண்ணீர். தண்ணீர் வடிந்ததும், ஓடுகிறதா பார்ப்போம் என்று சாவியைத் திருகும் ஆசை யாருக்கும் வரும். மூழ்கிய எஞ்சினைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய ஆபத்து இல்லை. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது பிஸ்டன் மேலே ஏறினால், நடுவில் அகப்பட்ட கனெக்டிங் ராடு வளையும். வளைந்த ராடோடு எஞ்சின் ஓடினால், என்றாவது ஒருநாள் அது முறிந்து பிளாக்கின் பக்கவாட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும். மழையில் கெடாத பிளாக் சாவியில் கெட்டது என்று சொல்லவேண்டியதுதான். மூழ்கிய வண்டியில் முதலில் பாட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். காற்று வடிகட்டியையும் டீசல் இன்ஜெக்டர்களையும் கழற்றிவிட்டு, கையால் கிராங்க்கைச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். எஞ்சின், கியர், ஹைட்ராலிக் எண்ணெய்கள் அனைத்தையும் வடித்து மாற்றுங்கள். டீசல் தொட்டியையும் கழுவுங்கள். ஸ்டார்ட்டரைத் தொடுவது எல்லாவற்றுக்கும் கடைசி.

விரிசலைச் சரிசெய்துவிட்டோம், காரணம் அப்படியே இருந்தால் அடுத்த பிசானத்தில் பக்கத்திலேயே இன்னொன்று விழும். ரேடியேட்டரில் எந்தத் தண்ணீரை ஊற்றுகிறீர்கள் என்று பாருங்கள். ஆற்று நீர் உப்புக் குறைந்தது, ஆனால் வண்டல் உண்டு. திருச்செந்தூர், உடன்குடி போன்ற கடலோரப் பக்கத்துக் கிணற்று நீரில் உப்பு அதிகம். உப்புத் தண்ணீரில் சோறு வடிக்கும் பானையின் அடியில் வெள்ளைப் பக்கு படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே பக்கு சிலிண்டரைச் சுற்றியும் படிகிறது. சூடு வெளியேற வழியின்றி அந்த இடம் மட்டும் தனியே கொதிக்கிறது. வடித்த நீரோடு கூலண்டை, டப்பாவில் சொல்லியிருக்கும் அளவில் கலந்து ஊற்றுவதே நல்லது. அது துருவையும் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும். படிந்துவிட்ட பக்கைச் சலவைச் சோடாக் கரைசலால் கழுவலாம்; ஆனால் அலுமினிய ரேடியேட்டர் என்றால் சோடா கூடாது, அரித்துவிடும்.

களத்தில் கதிரடிக்கும் இயந்திரத்தை ஓட்டியபின் ரேடியேட்டரின் முன்வலையில் தூசும் சண்டும் சாக்குப் போல அப்பியிருக்கும். உள்பக்கமிருந்து காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, தொய்ந்திருந்தால் இறுக்குங்கள். 'நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு' என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் வழக்கம் இங்கே அதிகம். அதைக் கழற்றினால் எஞ்சின் காலையில் சரியான சூட்டுக்கு வராமல் தேய்கிறது. சில எஞ்சின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் திரும்பிவிடவும் செய்கிறது. கெட்டிருந்தால் புதிது போடுங்கள். இவை எதுவும் தனக்கு வேண்டாம் என்று நிற்கும் டிராக்டரும் நாட்டில் உண்டு. 1959-இல் இந்தியாவில் முதலில் செய்யப்பட்ட ஐச்சர் காற்றால் குளிர்வது, அதில் தண்ணீர் அறையே இல்லை. நம்மிடம் பெரும்பாலும் இருப்பது மாஸி பெர்குசன் 1035, பி-275 போன்ற தண்ணீர் வண்டிகள்தானே.

கொதித்துவிட்டால் செய்யவேண்டியதை ஓட்டுநருக்கு இன்றே சொல்லிவையுங்கள். கலப்பையைத் தூக்கி, பாரத்தை எடுத்துவிட்டு, தண்ணீர் இன்னும் உள்ளே இருந்தால் எஞ்சினை மெதுவோட்டத்தில் சில நிமிடம் விடவேண்டும். தண்ணீர் எல்லாம் போய்விட்டிருந்தால் உடனே அணைக்கவேண்டும். மூடியைத் தொடக்கூடாது, அதில் முகம் வெந்தவர்கள் உண்டு. கை வைக்கும் அளவுக்கு ஆறியபின் எஞ்சினை மெதுவோட்டத்தில் ஓடவிட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றவேண்டும். முக்கால் மணி நேரம் வீணாகும்தான். பிளாக் மிஞ்சும்.

பழைய பிளாக்கை விட்டுவிட்டு வேறு பிளாக் வாங்குவோருக்கு ஒரு எச்சரிக்கை. எஞ்சின் எண் பிளாக்கின் மேல்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. பிளாக் மாறினால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவை மாற்ற வேண்டும். வங்கிக் கடன் இருந்தால் வங்கிக்கும், காப்பீடு இருந்தால் அவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். பில் இல்லாமல், எண்ணைத் தேய்த்துவிட்டு விற்கும் பிளாக்கை மலிவு என்று வாங்காதீர்கள். உங்கள் சொந்த பிளாக்கையே தைத்துக்கொண்டால் இந்த அலைச்சல் எதுவும் இல்லை.

பட்டறையிலிருந்து பிளாக் திரும்பி வந்ததும் மேல்தளத்தில் நேர்ச்சட்டத்தை வைத்துப் பாருங்கள். அடியில் 0.1 மில்லிமீட்டர் தகடு நுழைந்தால் மேல்தளத்தைச் சமன் செய்யவேண்டும். இல்லாவிட்டால் புதுக் கேஸ்கெட்டும் ஊதிவிடும். பழைய கேஸ்கெட்டை மீண்டும் போடாதீர்கள். ஹெட் போல்ட்டுகளை வண்டியின் கையேட்டில் கண்ட வரிசையிலும் அளவிலும் டார்க் ரெஞ்சால் இறுக்கி, கையேடு சொன்னால் முதல் 50 மணி நேரத்துக்குள் மறுபடியும் இறுக்குங்கள். முதல் சில நாள் கேஜ் வீல் போட்டுத் தொழிக்குள் இறக்காமல், டிரெய்லர் இழுப்பு போன்ற இலேசான வேலை கொடுங்கள். எண்ணெய்க் கம்பியைத் தினமும் காலையில் உருவிப் பாருங்கள்.

இந்த வேலைக்கு நல்ல காலம் பங்குனி, சித்திரை. பிசான அறுவடை முடிந்திருக்கும். கார் சாகுபடிக்குத் தண்ணீர் வழக்கமாக ஜூனில்தான் வரும். பட்டறைகளிலும் கூட்டம் குறைவாக இருக்கும். சூட்டு வெல்டிங் என்றாலும், தையல் என்றாலும், கடைசலும் சோதனையும் சேர்த்து இரண்டு, மூன்று வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வண்டியில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது என்று தெரிந்தும், நடவு முடியட்டும் என்று தள்ளிப்போட்டவர்கள் இங்கே சிலர் இருப்பீர்கள். இன்று இரவு வண்டியைச் சமதளத்தில் நிறுத்திவிட்டு, நாளைக் காலையில் அந்த அடிமறையைத் தளர்த்திப் பாருங்கள்.